இடித்த பின் வரும் பத்து நிமிடம்

"நின்னா அடிச்சே கொன்னுடுவாங்கண்ணே. அதான் எல்லாரும் வண்டியை எடுத்துட்டுப் போயிடுறாங்க."

மேற்குத் தாம்பரத்தில் ஒரு டீக்கடையில் கால் டாக்ஸி ஓட்டும் தம்பி ஒருவர் சொன்னது இது. அவர் யாரையும் இடித்தவர் இல்லை. மறைமலை நகருக்கும் விமான நிலையத்துக்கும் இடையே இரவு பகல் பாராமல் ஜிஎஸ்டி சாலையில் ஓட்டுகிறவர். நாளைக்கு நமக்கே இப்படி ஒன்று நடந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. வண்டி ஓட்டும் எல்லோருக்கும் உள்ளுக்குள் இருக்கிற பயம்தான். டீ குடித்தபடி அவரிடம் சொன்னதை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் நம் சாலையைப் பார்ப்போம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று ஊர்கள் எல்லாம் ஜிஎஸ்டி சாலையையும் ரயில் பாதையையும் ஒட்டியே வளர்ந்தவை. வீடு ஒரு பக்கம், ஸ்டேஷன் மறுபக்கம். கம்பெனி பஸ் நிற்கும் இடம் ஒரு பக்கம், காய்கறிக் கடை மறுபக்கம். சாலையைக் கடக்காமல் யாருக்கும் ஒரு நாள் ஓடாது. அதே சாலையில்தான் தென் மாவட்டங்களுக்குப் போகும் லாரிகளும் ஆம்னி பஸ்களும் ஓடுகின்றன. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு நடு இரவிலும் பெட்டியோடும் குழந்தையோடும் மக்கள் அங்கே சாலையோரம் நிற்கிறார்கள். வேகமாகப் போகும் வண்டியும் நடந்து போகும் மனிதரும் ஒரே இருட்டில் சந்திக்கும் இடம் இது. மறுநாள் பேப்பரில், அடையாளம் தெரியாத வாகனம் மோதி ஒருவர் பலி என்று நான்கு வரிச் செய்தி வரும். அந்த நான்கு வரிக்குள் அடங்காத விஷயங்களைத்தான் தம்பியிடம் பேசினேன்.

சட்டம் கேட்பது என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் 134-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. லைசென்ஸ் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டியது அது. நம்மில் பெரும்பாலோர் படித்ததில்லை. விபத்தில் ஒருவருக்கு அடிபட்டால் ஓட்டுநர் மூன்று காரியங்கள் செய்ய வேண்டும் என்கிறது.

ஒன்று, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க வேண்டியதைச் செய்வது. பக்கத்து டாக்டரிடமோ ஆஸ்பத்திரிக்கோ கொண்டு சேர்ப்பது. சேர்க்கப்பட்டவருக்கு எந்தச் சடங்குக்கும் காத்திராமல் உடனே சிகிச்சை தொடங்க வேண்டும் என்று டாக்டருக்கும் அதே பிரிவு கட்டளை இடுகிறது. இரண்டு, போலீசிடம் சொல்வது. சம்பவ இடத்தில் போலீஸ் இல்லையென்றால், முடிந்தவரை சீக்கிரமாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். மூன்று, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது: பாலிசி எண், நடந்த நாள், நேரம், இடம், அடிபட்டவர் விவரம், ஓட்டியவர் பெயர், லைசென்ஸ் விவரம்.

"அதெல்லாம் சரிண்ணே, கூட்டம் கூடி அடிக்க வந்தா?" என்றார் தம்பி.

இதற்குச் சட்டத்திலேயே பதில் இருப்பது பலருக்குத் தெரியாது. முதல் கடமையைச் சொல்லும் இடத்திலேயே, கூட்டத்தின் ஆத்திரத்தாலோ தன் கட்டுப்பாட்டை மீறிய வேறு காரணத்தாலோ அது முடியாமல் போனால் தவிர என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது, ஓட்டுநரின் உயிருக்கு ஆபத்து என்றால் அவர் அந்த இடத்தைவிட்டு நகரலாம். சட்டம் அதைப் புரிந்துகொள்கிறது. ஆனால் போலீசிடம் சொல்லும் கடமைக்கு இந்த விலக்கு கிடையாது. அடிக்குப் பயந்து நகர்ந்தவர் நேராகப் போக வேண்டிய இடம் ஸ்டேஷன்.

நம் பகுதியில் அது எவ்வளவு தூரம்? பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர், பீர்க்கன்காரணை, கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று வழியெல்லாம் ஸ்டேஷன் இருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்குத் தனிப் போலீஸ் கமிஷனரகமே வந்துவிட்டது. எந்த இடத்தில் இடித்தாலும் காரில் சில நிமிடங்களில் ஒரு ஸ்டேஷன் வாசலில் போய் நிற்கலாம். போகும் வழியிலேயே 108-ஐக் கூப்பிட்டு, "வண்டலூர் பாலம் தாண்டி தாம்பரம் போற பக்கம் ஒருத்தர் அடிபட்டுக் கிடக்கார்" என்று சொல்ல அரை நிமிடம் போதும். பயந்து ஒதுங்கியவரையும் விட்டுவிட்டு ஓடியவரையும் பிரித்துக் காட்டுவது அந்த ஒரு அழைப்பும் அந்த ஸ்டேஷன் வாசலும்தான். பயம் பத்து நிமிட விலகலுக்கு நியாயமாகும். பத்து நாள் தலைமறைவுக்கு ஆகாது.

பயம் மட்டும்தான் காரணமா?

அடிக்குப் பயந்து போகிறவர்கள் உண்டு. அவர்கள் பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ சரணடைந்துவிடுவார்கள். திரும்பி வராதவர்களுக்கு வேறு காரணங்கள் இருக்கும். லைசென்ஸ் இருக்காது. இன்சூரன்ஸ் காலாவதியாகி இருக்கும். வண்டி முதலாளியுடையதாக இருக்கும். ஓட்டியது பதினெட்டு நிரம்பாத பையனாக இருக்கும். அப்படியானால் 2019 திருத்தத்தின்படி பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோ மூன்று ஆண்டு வரை சிறைக்குப் போக நேரும். எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம், குடித்திருப்பது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். உடம்பு அதை மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் வீதம் கரைத்துவிடும். இரவு 11 மணிக்கு 100 மில்லிகிராமோடு ஓட்டி ஒருவரை இடித்தவர், காலை 6 மணிக்கு வக்கீலோடு ஸ்டேஷனுக்கு வந்தால் ரத்தத்தில் ஒன்றும் இருக்காது. ஊதச் சொன்னாலும் மிஷின் பூஜ்யம்தான் காட்டும்.

அங்கேயே நின்றவர் கதை என்ன? குடித்திருப்பது பதிவாகும். ஆள் இறந்திருந்தால் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்ற கடுமையான பிரிவு வரைக்கும் போகலாம். பத்து ஆண்டு வரை சிறை. ஓடிப்போய் மறுநாள் வந்தவருக்கோ, 134-ஐ மீறியதற்காக 187-ஆவது பிரிவின்படி அதிகபட்சம் ஆறு மாதம் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். 2019-க்கு முன் அது மூன்று மாதமும் 500 ரூபாயுமாக இருந்தது. குடித்தவர் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஓடுவதே லாபம் என்று சட்டம் சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. அடிபட்டவரைக் கைவிட்டதற்குச் சட்டம் வைத்த விலை இவ்வளவு குறைவாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஓட்டம் இன்னொரு சந்தேகத்தையும் உண்டாக்கும். ஸ்டியரிங்கில் இருந்தது யார்? முதலாளி மகன் ஓட்டிய வண்டிக்குச் சம்பள டிரைவர் வந்து சரணடைவது சினிமாவில் மட்டும் நடப்பதில்லை. மும்பை பாந்த்ராவில் 2002 செப்டம்பரில் நடைபாதையில் தூங்கியவர்கள் மேல் கார் ஏறிய வழக்கு நினைவிருக்கும். நடிகர் சல்மான் கான்தான் ஓட்டினார் என்பதையும் அவர் குடித்திருந்தார் என்பதையும் சந்தேகத்துக்கு இடமின்றி அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்று சொல்லி 2015 டிசம்பர் 10 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு. யார் ஓட்டியது, எந்த நிலையில் ஓட்டியது என்ற இரண்டு கேள்விகளுக்கும் முதல் சில மணி நேரத்தில் கிடைக்கும் பதில்தான் பதில்.

"ஸ்டேஷனுக்குப் போனா நேரா புழல் ஜெயில்தானே?"

தம்பியின் அடுத்த கேள்வி இது. இல்லை. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304-ஏ. இரண்டு ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 106(1). ஐந்து ஆண்டு வரை. அப்போதும் சரி, இப்போதும் சரி, இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். முறையாகப் போய்ச் சொன்னவருக்கு ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைக்கும். லைசென்சைச் சிறிது காலம் நிறுத்தி வைக்கலாம். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து வண்டியைப் பார்ப்பார். கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். கஷ்டம்தான். ஆனால் வாழ்க்கை முடிந்துபோவதில்லை.

இதே ஜாமீன், ஓடியவருக்கும் கிடைக்கும்போதுதான் மக்களுக்குக் கோபம் வருகிறது. 2024 ஜூன் 17 இரவு பெசன்ட் நகரில் சாலையோரம் தூங்கிக்கொண்டிருந்த 24 வயது பெயின்டர் மேல் ஒரு பிஎம்டபிள்யூ கார் ஏறியது. அவர் இறந்துபோனார். கார் அங்கே நிற்கவில்லை. ஓட்டியவர் ஆந்திராவைச் சேர்ந்த மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரின் மகள் என்று போலீஸ் சொன்னது. உறவினர்கள் சாஸ்திரி நகர் ஸ்டேஷன் முன்னால் திரண்டார்கள். போலீசார் கேமரா பதிவுகளைப் பார்த்து, புதுச்சேரிப் பதிவெண் கொண்ட அந்தக் காரைக் கண்டுபிடித்தார்கள். கைதும் நடந்தது, ஜாமீனும் கிடைத்தது. பெரிய இடம் என்பதால் விட்டுவிட்டார்கள் என்று பலர் பேசினார்கள். அந்தப் பிரிவின்படி ஒரு லாரி டிரைவருக்கும் அப்படித்தான் ஜாமீன் கிடைத்திருக்கும். கோளாறு ஜாமீனில் இல்லை. இடித்த குற்றத்தையும் விட்டுப்போன குற்றத்தையும் ஒரே தட்டில் வைத்த சட்டத்தில் இருக்கிறது.

புதிய சட்டத்தில் இதைச் சரிசெய்யப் பார்த்தார்கள். 106(2) என்று ஒரு பிரிவு: மரணம் விளைவித்துவிட்டு, உடனே போலீசிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ சொல்லாமல் தப்பி ஓடினால் பத்து ஆண்டு வரை சிறை. 2024 ஜனவரி தொடக்கத்தில் லாரி டிரைவர்கள் பல மாநிலங்களில் வண்டியை நிறுத்திப் போராடினார்கள். நின்றால் உதை, போனால் பத்து ஆண்டு, எங்கே போவது என்பது அவர்கள் கேள்வி. மத்திய அரசு பேச்சு நடத்தியது. மற்ற பிரிவுகள் அமலுக்கு வந்தபோது இந்தப் பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தது.

டிரைவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அந்தப் பிரிவை அலமாரியில் வைப்பது இல்லை. 108-க்கும் 112-க்கும் விபத்தைச் சொல்லி வந்த அழைப்பு, போலீசிடம் தெரிவித்ததாகவே கருதப்படும் என்று விதியில் தெளிவாக ஒரு வரி எழுதினால் போதும். உயிருக்குப் பயந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளிப்போய் ஸ்டேஷனில் நின்றவர் குற்றவாளி ஆகமாட்டார். போனை அணைத்துவிட்டு, பம்பரை மாற்றிவிட்டு, ஊருக்குப் போய்ப் படுத்தவர் ஆவார். அந்த வித்தியாசத்தோடு 106(2) அமலுக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஓடினால் யாருக்கு என்ன போகிறது?

தம்பி அதிர்ந்தது இந்த இடத்தில்தான். கூட்டத்துக்குப் பயப்படும் டிரைவர், இழப்பீட்டுக்கும் பயப்படுகிறார். "பத்து லட்சம், இருபது லட்சம்னு கேட்டா நான் எங்கண்ணே போவேன்?" அவர் எங்கேயும் போக வேண்டியதில்லை. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எல்லா வண்டிக்கும் கட்டாயம். லைசென்சும் பாலிசியும் சரியாக இருந்தால் இழப்பீட்டைக் கம்பெனிதான் கட்டும். நாம் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுவதே இதற்குத்தான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். சானடோரியம் மெப்ஸ் தொழில் வளாகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் 28 வயது இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 20,000. மனைவி, ஒரு குழந்தை, அம்மா. ஷிப்ட் முடிந்து சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்துவிடுகிறார். உச்ச நீதிமன்றம் சரளா வர்மா வழக்கிலும் (2009) பிரணய் சேத்தி வழக்கிலும் (2017) வகுத்துக் கொடுத்த முறைப்படி கணக்கு இப்படிப் போகும். ஆண்டு வருமானம் 2,40,000. எதிர்காலத்தில் சம்பளம் ஏறியிருக்கும் என்பதால் 40 சதவீதம் கூட்டினால் 3,36,000. அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 2,24,000. அவர் வயதுக்கு உரிய பெருக்கு எண் 17. பெருக்கினால் 38,08,000 ரூபாய். ஈமச்சடங்கு, துணையை இழந்த துயரம் போன்றவற்றுக்குத் தனியே கொஞ்சம் சேரும். அவர் மேலும் தவறு இருந்தது என்று தீர்ப்பாயம் கருதினால் ஒரு பங்கு குறையும். எப்படிப் பார்த்தாலும் குழந்தையின் படிப்பும் அம்மாவின் மருந்தும் நின்றுபோகாது.

இதெல்லாம் வண்டி எண் தெரிந்தால்தான். தெரியவில்லை என்றால் எந்தக் கம்பெனி மேல் வழக்குப் போடுவது? அப்போது அந்தக் குடும்பத்துக்கு அரசுத் திட்டத்தின்படி கிடைப்பது இரண்டு லட்சம். முப்பத்தெட்டு லட்சம் எங்கே, இரண்டு லட்சம் எங்கே! ஓட்டுநர் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் போயிருக்காது. அவர் ஓடியதால் மிச்சமான அந்த முப்பத்தாறு லட்சமும் ஒரு விதவையின் வீட்டிலிருந்து போனது.

பணத்துக்கு முன்னால் உயிர் இருக்கிறது. விபத்துக்குப் பின் வரும் முதல் ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரம் என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. தலையில் அடிபட்டு ரத்தம் போய்க்கொண்டிருப்பவர் இருட்டில் சென்டர் மீடியன் ஓரம் கிடந்தால், அடுத்து வரும் வண்டிக்காரர் கண்ணில் பட்டாலும் பட்டதுதான், படாவிட்டாலும் படாததுதான். அவர் அங்கே கிடக்கிறார் என்று உலகத்தில் உறுதியாகத் தெரிந்த ஒரே ஆள் இடித்தவர். அதனால்தான் அவருடைய அழைப்புக்கு இவ்வளவு மதிப்பு.

செலவுக்கும் யோசிக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 18 அன்று இதே ஜிஎஸ்டி சாலையில் உள்ள மேல்மருவத்தூரில் தொடங்கி வைக்கப்பட்ட இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், தமிழ்நாட்டில் விபத்துக்குள்ளாகும் யாருக்கும், எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் ஆனாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். பட்டியலில் தனியார் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன.

ஓடியவரைக் கண்டுபிடிப்பது எப்படி?

விபத்து நடந்த இடத்தைக் குனிந்து பார்க்கத் தெரிந்த போலீஸ்காரருக்கு அங்கே நிறைய கிடைக்கும். உடைந்த இண்டிகேட்டர் துண்டு; ஹெட்லைட் கவரின் ஒரு சில்லு. அந்தச் சில்லின் உள்பக்கத்தில் அச்சிலேயே பதிந்த உதிரிபாக எண் இருக்கும். அதை வைத்து எந்தக் கம்பெனி, எந்த மாடல் வண்டி என்று சொல்லிவிடலாம். மோதிய அதிர்ச்சியில் மட்கார்டு அடியில் காய்ந்து ஒட்டியிருந்த மண் கட்டியாக உதிரும். மோதிய இடம் எது என்பதற்கு அதுவே சாட்சி. இறந்தவரின் சட்டைப் பட்டனில் ஒட்டிய பெயின்ட் துகள் வண்டியின் நிறத்தைச் சொல்லும்.

பிறகு கேமரா. கடைகள், பெட்ரோல் பங்க், அடுக்குமாடி வாசல்கள், சிக்னல்கள். செங்கல்பட்டை நோக்கிப் போனால், ஊருக்கு முன்பே பரனூர் சுங்கச்சாவடி. அங்கே பாஸ்டேக்கில் நேரம் பதிவாகும். வண்டி எண் கிடைத்தால் சொந்தக்காரர் தெரிந்துவிடும்; யார் ஓட்டினார்கள் என்று சொல்ல வேண்டியது 133-ஆவது பிரிவின்படி சொந்தக்காரரின் கடமை. முன்கண்ணாடியையும் பானெட்டையும் மாற்ற வரும் வண்டியை மெக்கானிக்குகள் கவனிப்பார்கள். போலீசும் பட்டறை பட்டறையாக விசாரிப்பது உண்டு.

ஆனால் இவையெல்லாம் சீக்கிரம் அழிகிற தடயங்கள். விடிந்தால் மாநகராட்சித் துப்புரவாளர் சில்லுகளைக் கூட்டிவிடுவார். கடைக் கேமராக்களில் பழைய பதிவு சில நாட்களிலோ சில வாரங்களிலோ அழிந்து புதியது ஏறிவிடும். ஆகவே வீட்டில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால், குடும்பத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்க, இன்னொருவர் அன்றைக்கே அந்த இடத்துக்குப் போக வேண்டும். எதையும் கையில் எடுக்காமல் போட்டோ எடுக்க வேண்டும். எந்தெந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்று எழுதி, பதிவை எடுத்து வைக்கும்படி போலீசில் மனுவாகக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்க வேண்டும்.

வண்டி கிடைக்கவே இல்லை என்றால்

2022-இல் மட்டும் நாடு முழுக்க இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. இறந்தவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். இவர்களுக்கான திட்டம் பழையது; இறந்தால் 25,000, கொடுங்காயம் என்றால் 12,500 என்று இருந்ததை 2022 ஏப்ரல் 1 முதல் இரண்டு லட்சம், ஐம்பதாயிரம் என்று உயர்த்தினார்கள். உயர்த்திய அந்த நிதியாண்டில் வந்த விண்ணப்பங்கள் எத்தனை தெரியுமா? 205. அறுபத்தேழாயிரத்தில் இருநூற்றைந்து. சொல்ல ஆள் இல்லை, அதனால் கேட்க ஆள் இல்லை.

இந்தக் கணக்கு உச்ச நீதிமன்றத்தில் பேசப்பட்டது. பேசக் காரணமாக இருந்தவர் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன். சாலை விபத்தில் உடைந்த உடம்புகளைச் சேர்த்துச் சேர்த்து அலுத்துப்போனவர், 2012-இல் சாலைப் பாதுகாப்புக்காகப் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 2024 ஜனவரி 12 அன்று நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. விபத்து பதிவாகி ஒரு மாதத்துக்குள் வண்டி தெரியவில்லை என்றால், இப்படி ஒரு திட்டம் இருக்கிறது, இந்த அதிகாரியிடம் விண்ணப்பியுங்கள் என்று ஸ்டேஷன் அதிகாரியே குடும்பத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் வரவில்லை என்றால் ஸ்டேஷனில் போய்க் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

விண்ணப்பிக்கும் வழி இது. எஃப்ஐஆர் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று, அடிபட்டவர், விண்ணப்பிப்பவர் இருவரின் அடையாள, முகவரிச் சான்றுகள், வங்கிப் பாஸ்புக் நகல். இவற்றோடு விபத்து நடந்த பகுதியின் வருவாய்த்துறை அதிகாரியிடம், அதாவது தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அவர் விசாரித்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவார். ஆட்சியர் அனுமதி கொடுத்ததும் பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வரும். நம் பகுதியில் பலர் தடுமாறுவது இங்கேதான். தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் தாலுகாக்கள் செங்கல்பட்டு மாவட்டம். பல்லாவரத்தில் இருப்பவர் தன்னைச் சென்னைக்காரர் என்று நினைத்துச் சென்னை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்த் திரும்புவார். போக வேண்டியது உள்ளூர்த் தாலுகா ஆபீசுக்கு. பின்னால் வண்டி கிடைத்துவிட்டால், வழக்குப் போட்டு முழு இழப்பீடு கேட்கலாம். வாங்கிய இரண்டு லட்சம் அதிலிருந்து கழிக்கப்படும்.

இரண்டு லட்சம் போதுமா? போதாது. பிரிட்டனில் 1946-லேயே இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து ஓர் அமைப்பு வைத்தன. ஓடிப்போன வண்டியால் அடிபட்டவருக்கும், வண்டி தெரிந்தவருக்குத் தருவதுபோலவே நஷ்டத்தைக் கணக்கிட்டு அது கொடுக்கிறது. நம் ஊரிலும் இப்படி ஒரு குரல் வந்திருக்கிறது. டெல்லியில் 1999-இல் ஆறு பேர் இறந்த பிஎம்டபிள்யூ வழக்கில் காரை ஓட்டிய சஞ்சீவ் நந்தாவை உச்ச நீதிமன்றம் 2012-இல் 50 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. வண்டி அடையாளம் தெரியாமல் தவிக்கும் விபத்துக் குடும்பங்களுக்கு அந்தப் பணம் போக வேண்டும் என்றது. ஒரு வழக்கில் தோன்றிய நியாயம் எல்லாக் குடும்பத்துக்கும் விதியாக வேண்டும். யார் இடித்தது என்று தெரியாததற்கு இறந்தவரின் குழந்தை எப்படிப் பொறுப்பாகும்?

கூட்டமாக நிற்பவர்களுக்கு

2024 நவம்பர் 27 அன்று மாமல்லபுரம் அருகே பண்டிதமேட்டில் சாலையோரம் உட்கார்ந்து மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஐந்து பெண்கள் மேல் ஒரு கார் ஏறியது. ஐந்து பேரும் போய்விட்டார்கள். ஊர் மக்கள் காரில் வந்தவர்களைப் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்கள். அந்த ஊரின் கோபத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பொதுவாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு முறை நாம் டிரைவரை இழுத்துப் போட்டு அடிக்கும்போதும், அதைப் போனில் பார்க்கும் ஆயிரம் டிரைவர்கள் ஒரே பாடத்தைப் படிக்கிறார்கள்: நிற்காதே. அடுத்து அடிபடப்போகும் நம் வீட்டுப் பிள்ளையின் முதல் ஒரு மணி நேரத்தை நாமே கெடுக்கிறோம்.

சாவியை எடுத்து வையுங்கள், வண்டி எண்ணைப் படம் எடுங்கள், ஆளைச் சுற்றி நில்லுங்கள், அடிக்காதீர்கள். இரண்டு பேர் போக்குவரத்தைத் திருப்பி விடட்டும். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். உதவி செய்தால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்ற பயமும் வேண்டாம். 2016-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த நெறிமுறைகளும், 2019-இல் சேர்ந்த 134-ஏ பிரிவும் உதவியவரைக் காக்கின்றன. பெயர் சொல்லும்படிகூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இன்றைக்கே பாலிசி தேதியைப் பாருங்கள். குடித்த அன்று சாவியைத் தொடாதீர்கள். இடித்துவிட்டால் நிறுத்துங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், கூட்டம் ஆத்திரமாக இருந்தால் நகர்ந்து நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். தவறு யாருக்கும் நேரும். அதற்குச் சட்டத்தில் ஓர் அளவு இருக்கிறது. கிடப்பவரை விட்டுப்போவது தானாக நேர்வது இல்லை. அதை ஒருவர் முடிவெடுத்துத்தான் செய்கிறார். அந்த முடிவு நம் கையில் இருக்கிறது.